அப்பாவின் கம்பெனி

என் அப்பா ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு டைரக்டராக இருந்தவர். நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீலசந்திராவில் இரண்டு அறை வீடு, தெருக்கோடியில் தண்ணீர்க் குழாய், மழை பெய்தால் சரியாக அடுப்புக்கு மேலே ஒழுகும் ஓடு. அந்த வீட்டிலிருந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் கிளம்புகிற டிரைவர், கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவில் பதிவான கம்பெனிக்கு டைரக்டர். அந்தத் தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் கடிதங்களை டைப் அடித்தவள் நான்தான்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கதை. அப்பா ஒரு தோல் வியாபாரியிடம் கார் ஓட்டினார். பதப்படுத்திய தோலைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிற பெரிய மனிதர். பெங்களூர் வழக்கப்படி முதலாளியை எல்லோரும் சாவ்கார் என்றுதான் சொல்வோம். வீட்டுக்குள் பேசும்போதும் அப்பாவுக்கு அவர் சாவ்கார்தான். கடுமையாகப் பேசமாட்டார், சம்பளத்தை இழுத்தடிக்கமாட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் செலவைத் தானே கொடுத்தார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற கொடுமைக்காரராக அவர் இருந்திருந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா பள்ளிக்கூடம் போனவரில்லை. வட ஆற்காட்டிலிருந்து சிறு வயதில் கண்டோன்மெண்டுக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரரின் லாயத்தில் குதிரை தேய்த்து, பிறகு கார் துடைத்து, துடைத்த காரையே ஓட்டக் கற்றுக்கொண்டவர். சம்பள நாளன்று அவர் கட்டை விரல் நீலமாக வரும். முற்றத்தில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்ப்பார். எனக்கு அந்த நீலத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பென்சிலை அவர் கையில் திணித்து, அவர் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சம்பளச் சீட்டு இங்கிலீஷில் இருந்தது. எனக்கும் அந்த வயதில் இங்கிலீஷ் என்றால் ஒரு மிதப்பு. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மூன்று வாரம் பழகினார். எழுத்தாக இல்லாமல் கோலம் மாதிரித்தான் அதைப் போட்டார். எங்கே வளைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று. அடுத்த சம்பள நாளன்று சுத்தமான விரலோடு வந்து, அரைப்படி காராபூந்தி வாங்கி வந்து, தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பிரேசர் டவுனில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தேன். அங்கே எங்களுக்கு மந்திரம் போல ஒரு விதியைப் போட்டுப் போட்டுப் பழக்கினார்கள். கடிதத்தின் அடியில், இடது மூலையில், யார் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதோ அவருடைய இனிஷியல் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, பிறகு டைப் அடித்தவரின் இனிஷியல் சிறிய எழுத்தில். அது இல்லாத கடிதத்துக்கு மார்க் கிடையாது. ஆறு மாதத்தில் அது என் விரல்களுக்கே பழக்கமாகிவிட்டது. கடைசி வரி அடித்ததும் கை தானாக அந்த மூலைக்குப் போகும்.

பத்தொன்பது வயதில் சாவ்கார் ஆபீசிலேயே எனக்கு வேலை கிடைத்தது. அப்பா கேட்டார், அவர் கொடுத்தார். கமர்ஷியல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மாடி ஆபீஸ். கீழே அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருப்பார், மேலே நான் டைப் அடிப்பேன். மிஷின் சத்தம் கேட்டால் அவர் தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பாராம். கூர்க்கா சொன்னான்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு கட்டு லெட்டர் பேப்பர் வந்தது. வழுவழுப்பான தாள், தலைப்பில் புதிய கம்பெனியின் பெயர், ஒரு தீவின் விலாசம். அதன்பிறகு எங்கள் தோலெல்லாம் அந்தக் கம்பெனிக்கு விற்கப்பட்டது, மிக மலிவான விலைக்கு. கப்பல் மட்டும் அந்தத் தீவுப் பக்கமே போகாது. வழக்கம்போல ஐரோப்பாவுக்கே போகும். அங்கே தோலுக்கு உண்டான நல்ல விலையை அந்தக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். நடுவில் மிஞ்சிய பணம் வரியில்லாத அந்தத் தீவில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். இங்கே சாவ்கார், வியாபாரத்தில் லாபமே இல்லை என்று வருமான வரிக்காரர்களிடம் கையை விரிப்பார்.

இதில் என் பங்கு வேடிக்கையானது. காலையில் சாவ்கார் எங்கள் கம்பெனி சார்பில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் சொல்வார். மத்தியானம் அந்தக் கம்பெனி சார்பில் எங்களுக்கு ஒரு பதில் சொல்வார். கேட்டவளும் நான், பதில் எழுதியவளும் நான். ஒரு நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்துவிடுவேன்.

அந்த லெட்டர் பேப்பர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் சாவ்கார் அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டு, எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அவர் முன்னால் அப்பா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஏழு இடத்தில் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்தவரிடம் என்ன பேப்பர் என்று கேட்டேன்.

"சாவ்காருக்கு என்னைவிட நம்பிக்கையான ஆளு யாரும் இல்லியாம். அவரே சொன்னாரு. தன் பேனாவையே எடுத்துக் குடுத்தாருமா" என்றார். பேப்பரைப் பற்றி அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

எனக்கு அதைவிட அதிகம் தெரியும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பதில் கடிதங்களின் அடியில் அப்பா பெயரை அடித்து, அதன் கீழே டைரக்டர் என்று அடித்தது நான்தான். மாலையில் அப்பா மேலே வந்து, வரிசையாகக் கோலம் போடுவதுபோல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எனக்கு இங்கிலீஷ் தெரியும். படித்தேன். இது எதற்கு என்று கேட்கவில்லை. பெருமையாக இருந்தது, அதுதான் நிஜம். தெருக்குழாயில் வரிசையில் நிற்கும்போது, என் அப்பா டைரக்டர் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

"இந்த லெட்டர்ல என் இனிஷியல் போடாதே" என்று சாவ்கார் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். போடவில்லை. ஆனால் அந்த மூலையைக் காலியாக விட என் விரல்களுக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் அப்பா, ஆகவே அப்பாவின் இனிஷியலைப் பெரிய எழுத்தில் போட்டேன். ஒரு சாய்கோடு. பிறகு என்னுடையது. அப்பாவும் மகளும் ஒரே வரியில். நன்றாகத்தான் இருக்கிறது என்று ரசித்தேன். சாவ்கார் கடிதத்தின் விலையையும் தேதியையும் பார்ப்பாரே தவிர, மூலையை ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் வருமான வரி ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து ஃபைல்களைக் கட்டி எடுத்துப் போனார்கள். அடுத்த மாதம் ஒரு பியூன் நீலசந்திராவுக்கே வந்து, எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அப்பா பெயருக்கு ஒரு சம்மனும் என் பெயருக்கு ஒன்றும் கொடுத்தான். பக்கத்து வீடுகளின் கதவெல்லாம் திறந்தது. அப்பாவுக்கு வந்ததை நான் படித்தேன். வெளிநாட்டில் உங்கள் கம்பெனி பெயரில் உள்ள பணம் எப்படி வந்தது, சர்க்கார் அனுமதி எங்கே, வரி ஏன் கட்டவில்லை. பதில் சொல்லாவிட்டால் வழக்கும் தண்டனையும் உண்டு.

"யாரு பணம்?" என்று அப்பா கேட்டார்.

"உங்க பணம்ப்பா" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் சாவ்காரின் ஆடிட்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். மெல்லிய குரல், வெற்றிலை போட்ட உதடு. "சிம்பிள் மேட்டர்ப்பா. கம்பெனி உன்னுதுதான்னு சொல்லிடு. மலேயாவுல இருந்த உங்க சொந்தக்காரர் ஆரம்பிச்சார், அவர் காலமாயிட்டார். நீ சொல்லச் சொல்ல உன் பொண்ணு வீட்டுல டைப் அடிச்சா. சாவ்காருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபைன் போடுவான், அதை நாங்க கட்டிடறோம். பொண்ணு கல்யாணத்தை சாவ்காரே பண்ணி வெக்கிறேன்னு சொல்லிட்டார்."

"ஃபைன் மட்டும்தானா? ஜெயில் இல்லையா?" என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் போகாது" என்றார். போகவே போகாது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஆஸ்டின் டவுன் திருப்பத்தில் நின்று, "சரின்னு சொல்லிடலாம்மா" என்றார். "இருபது வருஷத்துக்கு மேல சோறு போட்டவரு. அவரு மாட்டினா பேஜாராப் பூடும். நான் ஒரு டிரைவரு, என்னை இன்னா பண்ணிடப் போறாங்க?"

"டிரைவரைத்தான்ப்பா எல்லாம் பண்ணுவாங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சைக்கிளை வேகமாகத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

என்னிடம் ஒரு சுருக்கெழுத்து நோட்டு இருந்தது. எழுதி முடிந்த நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவேன். அம்மா அவற்றின் தாளைக் கிழித்து அடுப்புப் பற்ற வைப்பாள். யாருக்கும் படிக்க வராத கிறுக்கலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவள் கட்சி. எரிந்தது போக மிஞ்சியது அந்த ஒன்றுதான், அட்டையில் மஞ்சள் கறையோடு. சம்மன் நாளன்று அதைப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்து எடுத்துப் போகவில்லை. வீட்டில் விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான்.

வருமான வரி அதிகாரி ஐம்பது வயதுக்காரர், பழைய மைசூர்த் தமிழ்க் குடும்பம். பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடியும். மேஜைக்கு எதிரே அப்பாவை உட்கார வைத்தார். பக்கத்தில் ஆடிட்டர். நான் சுவரோரம் பெஞ்சில். அப்பா துவைத்த காக்கிச் சட்டையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"கம்பெனி உங்களுதா?"

"ஆமாங்க."

"இந்த லெட்டரை நீங்க சொல்லச் சொல்ல உங்க மக எழுதினாங்களா?"

அப்பா ஆடிட்டரைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஹெதரபேடாம்மா, பயப்படாதே. வா." இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எங்கள் ஆபீசிலிருந்து போனது; மற்றது தீவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட பதில். இரண்டின் இடது மூலையிலும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "இந்தச் சின்ன எழுத்து ரெண்டுலயும் ஒண்ணா இருக்கே. நீதானே?"

நான்தான் என்றேன்.

"அப்போ இந்தப் பெரிய எழுத்து? உங்கப்பா இதை டிக்டேட் பண்ணாரா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். சாவ்காருக்காக அவர் கெஞ்சினார். எனக்கு அவரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நான் ஆமாம் என்றால் அந்தப் பணமெல்லாம் அப்பாவுடையது. குற்றமும் அப்பாவுடையது.

"எங்கப்பாவுக்கு இங்கிலீஷ்ல அவர் பேரை எழுதறதைத் தவிர வேற எதுவும் தெரியாதுங்க" என்றேன். "அதுகூடப் படிக்கத் தெரியாது. பாத்து வரைவார். நான் சொல்லிக் குடுத்தது."

அப்பாவின் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன். ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

சுருக்கெழுத்தில் நான் அப்போது புதுசு. எது கடிதம், எது சும்மாப் பேச்சு என்று பிரிக்க நேரமிருக்காது. சாவ்கார் வாயிலிருந்து வந்ததையெல்லாம் பயத்தில் எழுதிவிடுவேன், டைப் அடிக்கும்போது வேண்டாததைத் தள்ளிக்கொள்வேன். அதிகாரி படிக்கச் சொன்னார். ஒரே தேதி. முதல் பக்கத்தில் எங்கள் கடிதம்: இந்த விலைக்குச் சம்மதமா? அடுத்த பக்கத்தில் அந்தக் கம்பெனியின் பதில்: யோசித்துச் சொல்கிறோம். அதற்கு அடுத்த வரியில், கிறுக்கலில், சாவ்காரின் குரல். அதையும் படித்தேன். "வேண்டாம், அதை அடிச்சிடு. அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னே போடு. அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைம்மா."

அதிகாரி சிரிக்கவில்லை. ஃபேன் வரியையும் சேர்த்து எழுதிக்கொண்டார். ஆடிட்டர் பக்கம் திரும்பி, "கம்பெனி எங்கே ரிஜிஸ்டர் ஆயிருக்குன்னு நான் கேக்கல சார்" என்றார். "யாரு தீர்மானம் பண்றாங்க, எந்த ரூம்ல உக்காந்து பண்றாங்க, அஷ்டே, அவ்வளவுதான். சட்டம் அதைத்தான் கேக்குது."

அதே கேள்வியில்தான் வழக்கு முடிந்தது. கம்பெனியை நடத்தியது பெங்களூரில், சந்து மாடியில், ஃபேனுக்குக் கீழே என்று தீர்ப்பானது. அப்பா தன் பெயரை இரவல் கொடுத்தவர் மட்டுமே, பணத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று எழுதி ஒரு காகிதம் வந்தது. சாவ்கார் அப்பீலுக்கு மேல் அப்பீல் போனார். கடைசியில் வரியும் அபராதமும் கட்டினார். ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை. அடுத்த வருடமே புதுக் கார் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவர் செய்ததற்கு அவர்தான் பதில் சொன்னார், என் அப்பா இல்லை. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போனது. எனக்கு ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அப்பா ஓர் ஆஸ்பத்திரி வேன் ஓட்டப் போனார். முதல் சம்பள நாளன்று முற்றத்தில் உட்கார்ந்து சாம்பல் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் நீலமாக இருந்தது.

"என்னாப்பா இது? கையெழுத்துப் போடலியா?"

"எனக்குத்தான் தெரியாதுன்னு நீயே சொல்லிட்டியே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உள்ளே போய் அழுதேன். உங்களைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று கத்தவும் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டார், விரலைத் துடைத்துக்கொண்டார். ஆறு வருடம், மாதம் தவறாமல், நீல விரலோடுதான் வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, மழை வருது, குடை எடுத்துக்கோ, எல்லாம் உண்டு. அந்த அதிகாரியின் அறையைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

அறுபதுகளில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரேசர் டவுன் கிறிஸ்தவர், என் தொழிற்சாலையிலேயே வேலை. ஆகவே ரெஜிஸ்டர் கல்யாணம். அப்பா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. மாலையைத் தானே சிட்டி மார்க்கெட் போய் வாங்கி வந்தார். நாங்கள் கையெழுத்துப் போட்டதும், சாட்சியாகக் கையெழுத்துப் போட அவரைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா அவர் உடுப்பைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தி வைத்தான்.

அப்பா அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். "இதுல இன்னா எழுதியிருக்குது? படி."

"இந்தக் கல்யாணத்துக்கு நீங்க சாட்சின்னு இருக்குதுப்பா."

"முழுசாப் படி."

பின்னால் இன்னும் இரண்டு ஜோடிகள் காத்திருந்தார்கள். ரிஜிஸ்ட்ரார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, அச்சடித்த வரி, கையால் எழுதிய வரி எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்து, ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"அவ்வளோதானா? பின்னாடி எதுனா இருக்குதா?"

தாளைத் திருப்பிக் காட்டினேன். காலியாக இருந்தது. அதையும் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் வளைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தன் பெயரை எழுதினார்.